வெயிலைப் பொத்தி வைத்த கதை

மார்கழி மாதத்து விடியற்காலை, மணி ஐந்து. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, முருகன் கோயிலால் பெயர்பெற்ற வல்லக்கோட்டை. கோயில் மணியோசை ஒரு பக்கம். தொழிற்சாலைப் பேருந்துகளின் ஒலிப்பான் ஓசை மறுபக்கம். காலை முறை வேலைக்குப் புறப்பட வேண்டியவர்கள் வாளியும் துண்டுமாகக் குளியலறை வாசலில் காத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு உடனே தேவை ஆளுக்கொரு வாளி வெந்நீர். ஆனால் சூரியன் எழ இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

நேற்று நண்பகலில் இதே வீட்டின் மொட்டை மாடியில் வெயில் காய்ந்தது. நூற்றுக்கணக்கான வாளி நீரைச் சுடவைக்கப் போதுமான வெப்பம் அதில் இருந்தது. மாலைக்குள் அது வானத்துக்கே திரும்பிப் போய்விட்டது. இப்போது மின்சாரத்தையோ சமையல் வாயுவையோ செலவழித்துத்தான் நீரைச் சூடாக்க வேண்டும்.

வாசகர்களே, நேற்றைய நண்பகல் வெயிலை இன்றைய விடியற்காலைக்கு எப்படிக் கொண்டுவருவது? சூரிய வெந்நீர்க் கருவியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு மனிதன் தேடிய விடைதான். வெயிலைப் பிடிக்கும் வழி அவனுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பிடித்ததைக் காப்பாற்றி வைக்கக் கற்றுக்கொள்ளத்தான் நெடுநாள் பிடித்தது.

பலகைகள் இரண்டு வகை

வல்லக்கோட்டையிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இவ்வூரைச் சுற்றியுள்ள தொழில் வட்டாரம் இன்று சூரியப் பலகைகளின் பிறப்பிடங்களுள் ஒன்று. ஒரகடத்தில் விக்ரம் சோலார் நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் சிலிக்கன் பலகைத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை 2024-ஆம் ஆண்டு சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. அங்கே கண்ணாடியின் மேல் காட்மியம் டெலுரைடு என்னும் சேர்மத்தை மெல்லிய படலமாகப் படியவைத்துப் பலகை செய்கிறார்கள்.

இவை மின்சாரம் தரும் பலகைகள். சூரிய ஒளி இவற்றின் மேல் விழுந்ததும் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுகின்றன. அந்த ஓட்டமே மின்னோட்டம். இவற்றுக்கு மூத்த அண்ணன் ஒருவன் உண்டு. அவனிடம் எலெக்ட்ரான் விளையாட்டு எதுவும் கிடையாது. கறுப்பு வண்ணம் பூசிய ஒரு செப்புத் தகடு, அதோடு ஒட்டிய குழாய்கள், மேலே ஒரு கண்ணாடி மூடி, அடியில் வெப்பம் கசியாமல் தடுக்கும் பஞ்சு, அவ்வளவுதான் அவன் உடம்பு. வெயில் பட்டால் தகடு சுடும். தகடு சுட்டால் குழாயிலுள்ள நீர் சுடும். இரண்டையும் நாம் பேச்சு வழக்கில் ‘சோலார்’ என்றே சொல்லிவிடுகிறோம். வேலையோ வேறு வேறு. இந்தக் கட்டுரை அண்ணனைப் பற்றியது. தம்பி கடைசியில் வருவான்.

சோசூரின் கண்ணாடிப் பெட்டி

கதை ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் தொடங்குகிறது. அந்நகரைச் சேர்ந்த இயற்கை ஆராய்ச்சியாளர் ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர், கண்ணாடி வழியே வெயில் புகும் அறைகளும் வண்டிகளும் வெளியைவிட அதிகமாகச் சூடேறுவதைக் கவனித்தார். எவ்வளவு சூடு என்று அளந்து பார்க்க விரும்பினார். 1767-ஆம் ஆண்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கண்ணாடிப் பெட்டிகளைக் கறுப்பு மேசை மீது கவிழ்த்து வெயிலில் வைத்தார். உள்பெட்டியின் வெப்பநிலை 88 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறியது. பின்னர் உட்புறம் கறுப்புத் தக்கை பதித்து, மூன்று கண்ணாடிகளால் மூடிய மரப்பெட்டி ஒன்றைச் செய்தார். அதில் நீரின் கொதிநிலையையும் தாண்டி ஏறத்தாழ 109 டிகிரி கிடைத்தது.

இதன் காரணத்தை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சூரியனிடமிருந்து வரும் ஒளியைக் கண்ணாடி தடையின்றி உள்ளே விடுகிறது. கறுப்புப் பரப்பு அதை விழுங்கிச் சூடேறுகிறது. சூடேறிய பரப்பும் கதிர்களை வீசுகிறது. ஆனால் அவை நம் கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைகள். அந்த அலைகளைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. உள்ளே சூடான காற்றும் தப்பிப் போக வழியில்லை. உள்ளே விட்டு வெளியே விடாத இந்தக் குணம், எலிப்பொறியின் கதவைப் போன்றது.

சோசூர் தம் பெட்டியை ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கிராமோன் சிகரத்துக்கும் தூக்கிச் சென்றார். அங்கே வெளிக்காற்றின் குளிர் மிக அதிகம். இருந்தும் பெட்டிக்குள் ஏறிய சூடு சமவெளியில் ஏறியதற்குப் பெரிதும் குறையவில்லை. பெட்டிக்குச் சூடு தருவது வெளிக்காற்று அன்று, சூரிய ஒளியே என்பது இதனால் தெளிவாயிற்று. 1830-களில் வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கி விண்மீன்களை ஆராய்ந்தபோது இத்தகைய பெட்டியில் முட்டையும் இறைச்சியும் வேகவைத்துக் காட்டினார்.

ஆக, வெயிலைப் பிடிக்கும் பொறி கையில் வந்துவிட்டது. ஆனால் சூரியன் மறைந்ததும் பெட்டியும் குளிர்ந்து போயிற்று.

பம்பாயில் ஒரு முயற்சி

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பழைய அத்தியாயம் உண்டு. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், 1870-களின் பிற்பகுதியில் சூரிய வெப்பத்தைப் பற்றி ஆராய்ந்தார். பல சிறு முகக்கண்ணாடிகளைக் கிண்ணம்போல் வளைவாக அடுக்கி, அவை திருப்பும் ஒளியெல்லாம் ஒரு கொதிகலன் மீது விழுமாறு செய்தார். அதில் எழுந்த நீராவியால் இரண்டரைக் குதிரைத் திறன் கொண்ட நீரேற்றும் இயந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார். வெயிலில் சமைக்கும் அடுப்பு ஒன்றும் செய்தார். வெப்ப நாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் மாற்றாகச் சூரிய வெப்பத்தைக் கொள்ளலாம் என்று 1878-ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார்.

ஆடம்ஸின் கொதிகலன் வெயில் உள்ளவரையில்தான் ஓடியது. ரயில் வண்டிகளுக்கும் ஆலைகளுக்கும் இரவிலும் நீராவி வேண்டும். நிலக்கரி என்பதும் சூரிய வெப்பமே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் செடிகொடிகள் பிடித்து, பூமி பொத்தி வைத்த வெயில் அது. எப்போது வேண்டுமானாலும் எடுத்து எரிக்கலாம். சேமித்த வெயிலோடு சேமிக்காத வெயில் போட்டியிட முடியவில்லை.

கெம்ப்பின் தொட்டியும் பெய்லியின் கலனும்

நீரைச் சுடவைப்பதையே தொழிலாக்கியவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தவரான கிளாரன்ஸ் கெம்ப். கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தொட்டிகளில் நீரை நிரப்பிக் கூரைமேல் வெயிலில் வைக்கும் பழக்கம் அந்நாட்டில் ஏற்கனவே இருந்தது. கெம்ப் அத்தொட்டிகளைச் சோசூரின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். 1891-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்று, ‘கிளைமாக்ஸ்’ என்ற பெயரில் விற்றார். வெயில் மிகுந்த கலிபோர்னியாவில் இது பரவியது. 1897-ஆம் ஆண்டுவாக்கில் அம்மாநிலத்தின் பாசடீனா நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் வெயிலில் சுட்ட நீர் குழாயில் வந்தது.

இந்தக் கருவியின் குறையை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பகலெல்லாம் சுட்ட நீர் இரவெல்லாம் அதே கூரைமேல், அதே கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. வெயிலை வரவேற்க வைத்த சன்னல் இரவில் வெப்பம் வெளியேறும் வாசலாயிற்று. மாலைக் குளியலுக்குச் சூடாக இருந்த நீர் மறுநாள் விடியலில் சில்லிட்டிருந்தது.

நம் பாட்டிமார்களுக்கு இதில் ஒரு பாடம் தெரியும். இரவு சமையல் முடிந்ததும் அடுப்பிலுள்ள தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். மறுநாள் காலை சாம்பலைக் கிளறினால் நெருப்பு கனிந்திருக்கும். எரிக்கும்போது காற்றுக்குத் திறந்திருந்த அடுப்பு, காக்கும்போது மூடியிருக்க வேண்டும். எரிப்பது ஒரு வேலை, காப்பது வேறு வேலை.

கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் 1909-ஆம் ஆண்டில் இந்த இரு வேலைகளையும் இரு பாகங்களாகப் பிரித்தார். வெயிலைப் பிடிப்பதற்குக் கறுப்புத் தகடும் குழாயும் கொண்ட தட்டையான கண்ணாடிப் பெட்டி. வெந்நீரைக் காப்பதற்கு, சுற்றிலும் வெப்பம் கடத்தாப் பொருள் பொதிந்த தனிக்கலன். கலனைப் பெட்டியைவிட உயரத்தில் வைத்தார். இரண்டையும் குழாய்களால் இணைத்தார். நீரை இறைக்க மோட்டார் எதுவும் இல்லை. சுட்ட நீர் விரிந்து இலேசாகிறது. இலேசான நீர் தானாக மேலேறிக் கலனுக்குள் போகிறது. கலனின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கனத்தால் கீழிறங்கிப் பெட்டிக்கு வருகிறது. சூரியன் காயும்வரை இந்தச் சுற்று ஓயாது. இரவில் பெட்டி குளிர்ந்தாலும் கலன் உயரத்தில் இருப்பதால் சுட்ட நீர் கீழே இறங்காது.

பெய்லி தம் நிறுவனத்துக்கு ‘பகலும் இரவும்’ என்று பொருள்படும் பெயரை இட்டார். வெந்நீர்க் கருவியில் என்ன புதுமை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிட்டது. கெம்ப்பின் தொட்டிகள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தன. இன்று நம் ஊர் மொட்டை மாடிகளில் சாய்ந்த கண்ணாடிப் பலகையும் அதன் தலைமாட்டில் உருளைக் கலனுமாக நீங்கள் காணும் கருவி பெய்லி வகுத்த அமைப்பின் நேர் வாரிசு.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு தகர டப்பாக்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, நீர் நிரப்பி, மூடி, நண்பகலில் மூன்று மணி நேரம் வெயிலில் வையுங்கள். மாலையில் ஒன்றை அப்படியே மாடியில் விடுங்கள். மற்றதைப் பழைய கம்பளியில் சுற்றி, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் வையுங்கள். இரவு எட்டு மணிக்கு இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். கெம்ப்புக்கும் பெய்லிக்கும் உள்ள வேறுபாட்டை விரல் சொல்லும்.

வாயு வந்தது, செம்பு போனது

நல்ல கருவி கிடைத்துவிட்டது. இனி அது உலகெங்கும் பரவியிருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை.

1920-களில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நிலத்தடி வாயு ஏராளமாகக் கிடைத்தது. மலிவு விலையில் வீடுதோறும் குழாயில் வந்தது. மக்கள் சூரியக் கருவியை விட்டு வாயு அடுப்புக்கு மாறினார்கள். பெய்லியே வாயுவால் இயங்கும் வெந்நீர்க் கலன்களைச் செய்து விற்கத் தொடங்கினார். தாம் கற்ற வெப்பக் காப்புக் கலையை அதில் பயன்படுத்தினார்.

தொழில் பிறகு வாயு கிடைக்காத புளோரிடா மாநிலத்துக்கு நகர்ந்தது. 1941-ஆம் ஆண்டுவாக்கில் அங்குள்ள மயாமி நகரில் ஏறத்தாழப் பாதி வீடுகள் சூரிய வெந்நீரைப் பயன்படுத்தின. அப்போது உலகப்போர் மூண்டது. செம்பு படைத் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால் மற்றப் பயன்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்தபின் கருவியின் விலை ஏறியிருந்தது, மின்சாரம் மலிந்திருந்தது. பழைய கலன்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்தன. பழுதுபார்க்கும் செலவில் புதிய மின்கலனே வாங்கிவிடலாம் என்ற நிலை. இரண்டாம் முறையாகச் சூரியக் கருவி தோற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, எந்த ஊரிலும் வெயில் தோற்கவில்லை என்பதே. எதிரே நின்ற எரிபொருளின் விலையும், கருவியைப் பராமரிக்கும் செலவுமே ஒவ்வொரு முறையும் வெற்றி தோல்வியை முடிவு செய்தன.

கோடையைக் குளிர்காலத்துக்கு வைத்தவர்கள்

வெந்நீருக்கு வெயிலை ஓர் இரவு காத்தால் போதும். வீட்டையே சூடாக்க வேண்டிய குளிர் நாடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே வெயில் மிகுதியாக இருப்பது கோடையில். வெப்பம் வேண்டியிருப்பது பனிக்காலத்தில். இடையில் ஆறு மாதம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹாய்ட் ஹாட்டல் தலைமையிலான குழு 1939-ஆம் ஆண்டில் ஒரு சிறு வீட்டைக் கட்டியது. கூரையில் சூரியப் பலகைகள். நிலத்தடியில் அறுபதாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் பெருந்தொட்டி. கோடையில் சுட்ட நீரைக் குளிர்காலம் வரை வைத்திருந்து வீட்டைச் சூடாக்கினார்கள். அறிவியல் வென்றது, கணக்குப் புத்தகம் ஒப்பவில்லை. தொட்டியின் செலவு அவ்வளவு அதிகம். எனினும் தட்டைப் பலகை எவ்வளவு வெப்பம் தரும் என்று கணக்கிடும் முறை இந்த ஆய்விலிருந்துதான் கிடைத்தது. இன்றும் பொறியியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மரியா டெல்கெஸ் வேறு வழி கண்டார். கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட் படிகம் ஏறத்தாழ 32 டிகிரியில் உருகும். உருகும்போது ஏராளமான வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். மீண்டும் உறையும்போது அதைத் திருப்பித் தரும். 1948-ஆம் ஆண்டில் டோவர் என்ற ஊரில், எலினார் ரேமண்ட் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, அமீலியா பீபடி என்ற பெண்மணி பொருளுதவி செய்ய, உப்பு நிரப்பிய பீப்பாய்களால் வெப்பம் பெறும் வீடு எழுந்தது. சில குளிர்காலம் அது இயங்கியது. பின்னர் உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து படிந்து தன் வேலையை மறந்தது. வீட்டுக்கு வழக்கமான உலை வைக்க வேண்டியதாயிற்று.

கனடாவின் ஒகோடாக்ஸ் நகரில் 2007-ஆம் ஆண்டில் ‘டிரேக் லேண்டிங்’ என்னும் குடியிருப்பு உருவானது. 52 வீடுகள். பூமியில் 144 ஆழ்துளைகள் இட்டு, கோடை வெப்பத்தை மண்ணுக்குள்ளேயே சேமித்தார்கள். வீடுகளைச் சூடாக்கத் தேவையான வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சில ஆண்டுகளில் வெயிலே தந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், பாகங்கள் பழுதாகி, மாற்றுப் பாகம் கிடைப்பது அரிதானதால், 2024-ஆம் ஆண்டில் அதை மூடும் முடிவு வந்தது. வீடுகள் வாயு உலைக்குத் திரும்பின. கலிபோர்னியாவின் கதை மறுபடியும்!

நம் நாட்டில் லடாக்கின் குளிரில் எளிய முறை ஒன்று பயன்படுகிறது. தெற்கு நோக்கிய கனத்த சுவருக்குக் கறுப்பு வண்ணம் பூசி, அதன் முன்னே கண்ணாடி பொருத்துவார்கள். பகல் வெயிலைச் சுவர் உண்டு, இரவில் அறைக்குள் மெல்ல விடும். அமெரிக்காவின் எட்வர்ட் மோர்ஸ் இதற்கு 1881-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1960-களில் இதைப் புதுப்பித்த பிரெஞ்சு அறிஞர் ஃபெலிக்ஸ் ட்ரோம்பின் பெயரால் இது ட்ரோம்ப் சுவர் எனப்படுகிறது. அசையும் பாகம் இல்லாததால் பழுதாக எதுவும் இல்லை. வல்லக்கோட்டையில் எவரும் வீட்டைச் சூடாக்க விரும்பமாட்டார்கள். உதகமண்டலத்தில் வீடு கட்டுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

கறுப்பிலும் வகை உண்டு

கலனைப் பொதிந்து காத்தாயிற்று. ஆனால் வெயிலை வாங்கும் தகடே தான் வாங்கியதில் ஒரு பகுதியைக் கதிராக வீசி இழக்கிறதே? இந்த ஓட்டையை அடைத்தவர் இஸ்ரேலைச் சேர்ந்த ஹாரி தாபோர். ஒளியை நன்றாக விழுங்கி, வெப்பக் கதிரை மிகக் குறைவாக வீசும் தனிவகைக் கறுப்புப் பூச்சை அவர் 1955-ஆம் ஆண்டில் அறிவித்தார். எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய அந்நாட்டில் சூரிய வெந்நீர் வேரூன்றியது. 1980-ஆம் ஆண்டில் புதிய வீடுகளுக்கு அது சட்டப்படிக் கட்டாயமாயிற்று.

அடுத்த ஓட்டை காற்று. நாம் காப்பி எடுத்துச் செல்லும் பிளாஸ்கின் இரட்டைச் சுவருக்கு இடையே காற்றே இல்லை; வெற்றிடத்தின் வழியே வெப்பம் கடத்தப்படுவதில்லை. ஜேம்ஸ் டூவர் 1892-ஆம் ஆண்டில் செய்த இந்தக் குடுவையை நீளமான கண்ணாடிக் குழாயாக்கி, உட்சுவரில் தேர்ந்த கறுப்புப் பூச்சை இட்டால் அதுவே வெற்றிடக் குழாய். 1980-களில் பெய்ஜிங் நகரின் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மலிவாகச் செய்யும் பூச்சு முறையை உருவாக்கினார்கள். உலகில் இன்று மிகுதியாகச் சூரிய வெந்நீர்க் கருவிகளைக் கொண்ட நாடு சீனா; அங்கே பெரும்பாலும் வெற்றிடக் குழாய்களே. நம் ஊர் மாடிகளிலும் வரிசையாக அடுக்கிய கண்ணாடிக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள்.

நம் நாடும் நம் மாடியும்

1950-களில் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் சூரிய அடுப்பு ஒன்றை உருவாக்கியது. அப்போது அதன் இயக்குநர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். நாடே அந்த அடுப்பைப் பற்றிப் பேசியது. ஆனால் வீடுகளில் அது நுழையவில்லை. மண்ணெண்ணெய் அப்போது மலிவு. வெயிலில் நின்று சமைக்க வேண்டும். மாலைச் சமையலுக்கு அடுப்பில் சூடும் இல்லை. சேமிப்பு இல்லாத குறை இங்கும் தலைகாட்டியது.

1973-ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி வந்து, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலர் அளவுக்குத் தாவியதும் உலகம் மீண்டும் கூரையை நிமிர்ந்து பார்த்தது. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகையின் கூரையில் 32 பலகைகளை வைத்தார். பலரும் நினைப்பதுபோல் அவை மின்சாரப் பலகைகள் அல்ல, வெந்நீர்ப் பலகைகள். இவை ஒரு பெருமுயற்சியின் தொடக்கமாகலாம், அல்லது காட்சிசாலைப் பொருளாகவும் ஆகலாம் என்று அவர் அன்றே கூறினார். எண்ணெய் மலிந்த 1986-ஆம் ஆண்டில் கூரைப் பழுதுபார்ப்பின்போது அவை கழற்றப்பட்டன; மீண்டும் ஏறவில்லை. அவற்றுள் சில பின்னர் காட்சிசாலைகளுக்கே போய்ச் சேர்ந்தன.

இந்திய அரசு 1981-ஆம் ஆண்டில் மாற்று எரிசக்திக்கு ஓர் ஆணையத்தையும், 1982-ஆம் ஆண்டில் தனித் துறையையும் அமைத்தது. வெந்நீர்ப் பலகைக்கு இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 12933 என்ற தரத்தை வகுத்தது. 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கம், 2022-க்குள் நாடெங்கும் 2 கோடி சதுர மீட்டர் வெப்பப் பலகைகளை இலக்காக வைத்தது. பெங்களூரில் சூரிய வெந்நீர் வைத்த வீடுகளுக்கு மின்கட்டணத்தில் தள்ளுபடி தரப்பட்டது. 2007-ஆம் ஆண்டு முதல் புதிய வீடுகளுக்கு அது கட்டாயமும் ஆயிற்று. சென்னைப் பெருநகரின் 2008-ஆம் ஆண்டுப் பெருந்திட்ட விதிகள், மருத்துவமனை, தங்கும் விடுதி, திருமண மண்டபம் போன்ற பெரிய புதுக் கட்டடங்களில் சூரிய வெந்நீர் அமைப்பு வேண்டும் என்றன.

விதி கருவியை மாடிக்கு ஏற்றிவிடும். அதைக் காப்பாற்றுவது வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் கடினநீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, பலகையின் மெல்லிய செப்புக் குழாய்களையும் அடைத்துவிடும். கண்ணாடியில் தூசி படியும். பக்கத்து வீட்டு மாடி உயர்ந்து நிழல் விழும். சூரியக் கருவி உபயோகமில்லை என்று சொல்லப்படும் வீடுகளில் மேலேறிப் பார்த்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும்.

தம்பி வருகிறான்

இனி நாம் தொடக்கத்தில் விட்டுவந்த தம்பியைக் கவனிப்போம். இன்று வெந்நீர்ப் பலகைக்குப் போட்டி வாயுவோ எண்ணெயோ மட்டும் அல்ல. பிள்ளைப்பாக்கத்திலும் ஒரகடத்திலும் பிறக்கும் மின்சாரப் பலகையும்தான். 2024-ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்த பிரதமர் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரையில் மின்சாரப் பலகையை வைக்க மானியம் தருகிறது. ‘மாடியில் மின்சாரமே கிடைக்கும்போது வெந்நீருக்குத் தனிப்பலகை எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 3,300 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மின் அளவில் இது ஏறத்தாழ 3.8 யூனிட். நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளில் விழும் வெயில் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சற்று அதிகம். வெந்நீர்ப் பலகை இதில் ஏறக்குறையப் பாதியைப் பிடிக்கும். குழாய்களிலும் கலனிலும் கசிவதைக் கழித்தாலும் 2 சதுர மீட்டர் போதும். மின்சாரப் பலகை ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும்; அதிலும் வழியில் சிறிது தேயும். அந்த மின்சாரத்தில் சாதாரணச் சூடேற்றியை இயக்கினால் ஏறத்தாழ 4.7 சதுர மீட்டர் வேண்டும். அண்ணனே வென்றான் என்று தோன்றும்.

ஆனால் ‘வெப்ப எக்கி’ என்னும் கருவி வந்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி உள்ளேயுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா? அதே முறையில் இது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து நீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். இதைச் சேர்த்தால் தம்பிக்கும் 2 சதுர மீட்டருக்குக் குறைவான இடமே போதும். கோடையில் வெந்நீர் வேண்டாதபோது அண்ணன் சும்மா இருப்பான்; தம்பியோ மின்விசிறியைச் சுழற்றுவான். மறுபுறம், வெப்ப எக்கியின் விலை அதிகம். அழுத்தி, மின்சுற்று என்று பழுதாகும் பாகங்களும் அதிகம். அண்ணனிடம் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. வல்லக்கோட்டைக்கு அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதி 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பழகுவதற்காக இந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். இத்தனை பேருக்கும் ஆளுக்கு 10 லிட்டர் வீதம் 60 டிகிரி நீரைக் கொடுத்து, தண்ணீர் கலந்து குளிக்கச் சொன்னால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,200 யூனிட் வெப்பம் வேண்டும். வெந்நீர்ப் பலகையானால் 3,700 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். மின்சாரப் பலகையும் சாதாரணச் சூடேற்றியுமானால் ஏறத்தாழ 9,000 சதுர மீட்டர். அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆள் கூடக் கூட வெந்நீர்த் தேவை கூடும்; மொட்டை மாடி மட்டும் ஒன்றுதான். ஆகவே இடம் குறைந்து ஆள் மிகுந்த விடுதி, மருத்துவமனை, உணவுக்கூடம் ஆகியவற்றில் வெயிலை நேராக வெப்பமாக்கும் பழைய பலகைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

எந்தப் பலகையை வைத்தாலும் சரி, மாடிக்கு ஏறுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கலனின் வெப்பக் காப்பு எவ்வளவு கனம்? கடினநீருக்கு என்ன ஏற்பாடு? ஐந்தாண்டு கழித்து ஒரு குழாய் உடைந்தால் மாற்றித் தருபவர் யார்? பாசடீனாவிலும் மயாமியிலும் ஒகோடாக்ஸிலும் நல்ல கருவிகள் கைவிடப்பட்டதற்கு, வெயில் குறைந்தது காரணமில்லை என்பதைப் பார்த்தோம்.

மார்கழி விடியலில் ஒருவர் தலையில் ஊற்றிக்கொள்ளும் வெந்நீர், முந்தின நாள் நண்பகல் வெயிலாக இருக்க முடியும். சாம்பலுக்குள் தணலைப் பொத்தி வைத்த கைகளுக்குத் தெரிந்த பாடம்தான் இது. நாளை நண்பகலிலும் நம் மாடிகளில் வெயில் காயும். அதை மாலையில் வானத்துக்குத் திருப்பி அனுப்புவதா, விடியற்காலைக்கு வைத்துக்கொள்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.